நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே

திருவரங்குளம் ஒன்றியத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.



வினாடி வினா மூலம் ஆங்கில அடிப்படைகளை மீள்பார்வை செய்த அனுபவத்தை 20 நிமிடத்தில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல அனுபவத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அது சரிவராமல் போன கதையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் மூடியவை, ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தின் வாசலையே சரியாகப் பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள்தாம் ஆறாம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். இல்லம் தேடிக் கல்வி வந்தது, எண்ணும் எழுத்தும் வந்தது, பலன் கிடைத்ததையும் பார்த்தோம். இருந்தும் சில பிள்ளைகளிடம் ஒரு இடைவெளி அடைபடாமலே மேலே வந்துவிடுகிறது. பெற்றோருக்கு அது ஒரே ஒரு வரியில் தெரிகிறது: "பிள்ளைக்கு இங்கிலீஷ் வரலையே டீச்சர்." அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பார்கள். நம் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டின் நீளம் அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பள்ளிகளில் வினாடி வினா மன்றம் நடத்துகிறோம் அல்லவா, அதை வைத்தே ஆங்கிலத்தைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று நான்கு அணிகள். பெயரில் மட்டும்தான் ஆறு, ஆண்டில் பாதி நாள் நீர் இருக்காது என்று பிள்ளைகளே கிண்டல் செய்வார்கள். ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துகள், உயிரெழுத்துகள் எவை, குதிரைக் குட்டிக்கு என்ன பெயர் என்று கேட்பேன். முதலில் கை தூக்குபவருக்கு மதிப்பெண். வகுப்பே அதிரும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.

இரண்டு மாதம் கழித்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் பத்துச் சொற்களை வாசித்து எழுதச் சொன்னேன். பேட், பெட், டாக், டப் போன்ற எளிய சொற்கள்தாம். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் 'பி', 'டி' என்ற இரண்டு சிறிய எழுத்துகளையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். வெள்ளாறு அணியில் கடைசியாக உட்காரும் ஒரு பெண்பிள்ளை பத்தில் எட்டைத் தவறாக எழுதியிருந்தாள். தொடர்ந்து மூன்று வாரம் வெற்றி பெற்ற அணி அவளுடையது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவளும் அவள்தான்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தெரியலைன்னு ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே டீச்சர்" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மதிப்பெண் பலகையைப் பற்றி யோசித்தேன். இரண்டு மாதமாக நான் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளிடம்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் பார்வையாளர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததை மறுபடியும் சொல்லவைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் மாற்றம், கை தூக்குவதை நிறுத்தியது. ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தேன். "நாங்க என்ன ஒண்ணாப்பா டீச்சர்?" என்று முகம் சுளித்தார்கள், நியாயம்தான். பிறகு ஃபைல் கவருக்குள் வெள்ளைத்தாளைச் செருகி, அதன் மேல் மார்க்கரால் எழுதிப் பழந்துணியால் துடைக்கும்படி செய்தோம். அது அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. கேள்வி கேட்டதும் பத்து வினாடி யாரும் பேசக்கூடாது. எல்லாரும் எழுத வேண்டும். "ம்" என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். மொத்த வகுப்பும் எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் தவறாக எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். திங்கட்கிழமைப் பாடம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கும்.

ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் கணினியிலேயே வினாடி வினா நடத்துகிறார்கள். நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது வேறு, வெறுந்தாளில் ஒரு எழுத்தை எழுதிக் காட்டுவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாக விழும்.

இனி கேள்விகளைப் பற்றி. 'ட்ரிவியா' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள், துணுக்கு என்று நாம் சொல்லலாம். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் மூன்று சாலைகள் கூடும் இடம், அதாவது நம்ம முச்சந்தி. இடைக்கால ஐரோப்பியப் பள்ளிகளில் இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை என்ற மூன்று பாடங்களையும் சேர்த்து 'ட்ரிவியம்' என்றுதான் அழைத்தார்கள். அடிப்படைப் பாடத்துக்கும் முச்சந்திப் பேச்சுக்கும் அங்கே ஒரே பெயர். எனக்கு வேண்டியதும் அதுதான். முச்சந்தியில் கேட்பதுபோல இருக்க வேண்டும், உள்ளே இலக்கணம் இருக்க வேண்டும்.

இதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி நம் ஊர்ப் பெயர்தான். "திருவரங்குளத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்." எழுதிக் காட்டினார்கள். பாதிப் பேர் 'கே' போட்டிருந்தார்கள், பாதிப் பேர் 'ஜி' போட்டிருந்தார்கள். எது சரி என்று சண்டை வந்துவிட்டது. பேருந்து நிறுத்தம், கடைப் பலகை, வங்கிப் புத்தகம், ஆதார் என்று எல்லாவற்றையும் பார்த்து வரச் சொன்னேன். இரண்டுமே இருந்தன. சிலர் 'டி'க்குப் பக்கத்தில் 'ஹெச்' போட்டிருந்தார்கள், சிலர் போடவில்லை.

ஏன் இப்படி? தமிழில் 'கு' ஒரே எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் வல்லோசை, 'ங்' என்ற மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மெல்லோசை. 'குளம்' என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், 'வரங்குளம்' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். எழுத்தைப் பார்த்து எழுதியவர் 'கே' போட்டார், காதால் கேட்டு எழுதியவர் 'ஜி' போட்டார். இது பிள்ளைகளின் குழப்பம் மட்டுமல்ல. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. பல பெயர்களின் எழுத்துக்கூட்டல் குறித்து விவாதம் எழுந்தது. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. பெரியவர்களுக்கும் இது கடினமா!

அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போவது எளிது. "ஒரே எழுத்து இரண்டு ஓசையில் வரும் விளையாட்டுப் பொருள் எது?" விடை பம்பரம். முதல் 'ப' ஒரு ஓசை, 'ம்' அருகில் வரும் 'ப' வேறு ஓசை. "படம், பட்டம். எதில் 'டி', எதில் 'டீ'?" என்று கேட்பேன். அதாவது எது 'டாக்' என்பதன் ஓசை, எது 'டாப்' என்பதன் ஓசை? படத்தில் வருவது நாயின் ஓசை, பட்டத்தில் வருவது உச்சியின் ஓசை. காங்கேயம் என்ற ஊர்ப் பெயரிலும் இரண்டு 'க' ஓசை உண்டு. நம் பிள்ளைகளுக்கு இந்த ஓசைகள் புதியவை அல்ல. நாள் முழுவதும் பேசுகிறார்கள். அவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு என்பதுதான் புதிது. "உனக்கு உச்சரிப்பு வராது" என்று சொல்வதற்கு முன்னால், அவன் 'தம்பி' என்று எவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண்பிள்ளையின் சிக்கல் ஓசை அல்ல, வடிவம். 'பி'யும் 'டி'யும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரிவதுபோல இருப்பவை. இரண்டு கைகளையும் மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தி, கட்டிலைக் குறிக்கும் 'பெட்' என்ற சொல்லை உருவாக்கிக் காட்டும் பழைய உத்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இடக்கை 'பி', வலக்கை 'டி'. எழுதும் முன் மேசைக்கு அடியில் கையை மடக்கிப் பார்ப்பாள். நான் பார்க்காததுபோல இருந்துவிடுவேன்.

'ஏ', 'ஆன்' பற்றி நாம் எல்லாரும் ஒரு விதி சொல்லிக் கொடுக்கிறோம். ஐந்து உயிரெழுத்துகளுக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு முன் 'ஏ'. இந்த விதியை மனப்பாடம் செய்த பிள்ளை 'யூனிஃபார்ம்', 'ஹவர்' இரண்டிலும் தவறும். எழுத்தைப் பார்க்காதே, ஓசையைக் கேள் என்பதுதான் உண்மையான விதி. தமிழில் நமக்கு இது வீட்டுச் சொத்து. ஒரு மாடு, ஓர் ஆடு. தமிழாசிரியர் பக்கத்து அறையில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார். நானோ, ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்பதுபோலப் பல ஆண்டுகள் தனியாக நடத்திக்கொண்டிருந்தேன்! அதனால் இப்போது சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். 'அம்ப்ரல்லா' உயிரில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன்'. 'யூனிஃபார்ம்' உயிர்மெய்யில் தொடங்குகிறது, ஆகவே 'ஏ'. மணியைக் குறிக்கும் சொல்லை ஒலிப்புப்படி எழுதினால் 'அவர்' என்றுதான் வரும், ஆகவே 'ஆன்'. பிறகு கடினமான கேள்வி: "எம்.எல்.ஏ.வுக்கு முன்னால் எது?" 'எம்' மெய்யெழுத்து என்று பலரும் 'ஏ' போடுவார்கள். ஓசை 'எ'யில் தொடங்குவதால் 'ஆன்'.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நானே விழுந்தேன். நம் பேச்சில் 'எ'யில் தொடங்கும் சொல்லுக்கு முன் மெல்லிய 'ய்' ஒட்டிக்கொள்ளும். 'எலிஃபன்ட்' என்பது 'யெலிஃபன்ட்' ஆகிவிடும். ஓசையைக் கேள் என்று நான் சொன்னதை நம்பி ஒரு பையன் யானைக்கு 'ஏ' போட்டான். அவன் விதியைச் சரியாகத்தான் பயன்படுத்தினான், அவன் காதில் விழுந்ததுதான் வேறு. தவறான விடைக்குப் பின்னால் சரியான காரணம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து தவறாக எழுதியவரிடம் "ஏன் அப்படி எழுதினே?" என்று ஒருமுறையாவது கேட்டுவிடுகிறேன்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து அடுத்தது. "தமிழில் பெரிய எழுத்து எது?" என்று கேட்டால் பிள்ளைகள் திகைப்பார்கள். நமக்கு அப்படி ஒன்றே கிடையாது. இல்லாத ஒன்றைப் பிள்ளை மறப்பதில் என்ன வியப்பு? பக்கத்து வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், உளுந்து விதைப் பையில் 'வி.பி.என். 8' என்ற ரகப் பெயர் நம் பிள்ளைகள் வீட்டுக்கே வருகிறது. "அந்த மூன்று எழுத்தும் ஏன் பெரிசு? எந்த ஊர்?" என்று ஒரு கேள்வி. "'நான்' என்பதற்கான 'ஐ' மட்டும் எப்போதும் ஏன் பெரிய எழுத்து?" என்று இன்னொன்று. "அவங்க தங்களைப் பெரிசா நினைக்கிறாங்களா டீச்சர்?" என்றான் ஒருவன். கையால் எழுதிய காலத்தில் ஒற்றைச் சிறு எழுத்து கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் நீட்டி எழுதத் தொடங்கினார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். பையனின் விளக்கம்தான் வகுப்புக்குப் பிடித்திருந்தது.

வினைச்சொல்லின் 'எஸ்' நமக்கு நிரந்தரத் தலைவலி. "வருகிறான், வருகிறாள், வருகிறது. தமிழில் மூன்று வால். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வால். எது?" என்று கேட்டால் எட்டாம் வகுப்பு உடனே பிடித்துக்கொள்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பன்மையில் 'எஸ்', வினைச்சொல்லுக்கு ஒருமையில் 'எஸ்' என்னும்போது குழம்பும். பாய் ரன்ஸ், பாய்ஸ் ரன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே 'எஸ்', இங்கே இருந்தால் அங்கே இருக்காது. 'சில்ட்ரன்' போன்ற விதிவிலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தற்குறி, முன்னிடைச்சொல் ஆகியவற்றுக்கும் கேள்விகள் வைத்திருக்கிறேன், நேரம் இல்லாததால் விடுகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும். வாரத்துக்கு ஒன்று போதும். ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் எது என்பது போன்ற கேள்விகளை நான் அடியோடு விட்டுவிட்டேன். அதைத் தெரிந்துகொண்ட பிள்ளை ஒரு வாக்கியம்கூடக் கூடுதலாக எழுதப் போவதில்லை.

மதிப்பெண் முறையில் இன்னொரு தவறும் செய்தேன். அணியில் எல்லாரும் சரியாக எழுதினால்தான் மதிப்பெண் என்று அறிவித்தேன், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற எண்ணத்தில். அடுத்த வாரமே இடைவேளையில், "உன்னாலதான்டி போச்சு" என்று ஒரு பிள்ளையை நாலு பேர் சூழ்ந்து நிற்பதைப் பார்த்தேன். அன்றோடு அந்த முறையைக் கைவிட்டேன். இப்போது அவரவர் போன வாரம் எழுதியதைவிட இந்த வாரம் ஒன்று கூடினால் அணிக்கு ஒரு மதிப்பெண். பத்தில் இரண்டு வாங்கியவர் மூன்று வாங்கினாலும் அணிக்குப் பயன் உண்டு. முன்பு முதலில் கை தூக்கியவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். அவர்களுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலை கொடுத்தேன். விடையோடு 'ஏன்' என்பதற்குக் காரணமும் எழுதினால்தான் கேள்வி பெட்டிக்குள் போகும்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே என்று சிலர் கேட்டார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்களையும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள்தாம் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நான் ஒரு கேள்வியை மூன்று நாளில் ஒருமுறையும் பத்து நாளில் ஒருமுறையும் வேறு சொல்லை வைத்துக் கேட்கிறேன். ஆனால் கேட்டால் மட்டும் வந்துவிடாது. எங்கே தெரியவில்லை என்றுதான் கேள்வி காட்டும். திங்கட்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் நடந்தபோது நான் சிறுமி. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பல நாட்டவரும் படித்தது. எங்கள் தெருவிளக்கின் கீழ் என் சித்தியும் உட்கார்ந்து படித்தார். சொல்லிக் கொடுத்த அக்கா, "யாருக்குத் தெரியும், கை தூக்குங்க" என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்க் குனிந்து, "உங்க ஊருக்குப் போற பஸ் எதுன்னு எழுதுங்க பாப்போம்" என்பார். முப்பது ஆண்டுகள் கழித்து, கல்வியியல் பட்டமும் வாங்கிக்கொண்டு, அதை நான் ஒரு சிறுமியிடமிருந்து மறுபடி கற்க வேண்டியிருந்தது.

அவள் இப்போது பத்தில் ஏழு, எட்டு என்று எழுதுகிறாள். வாக்கியம் இன்னும் தடுமாறுகிறது, முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற மாதம் கேள்விப் பெட்டியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. "'டபிள்யூ' பார்த்தால் இரண்டு 'வி' மாதிரி இருக்கிறது. ஏன் இரண்டு 'யூ' என்கிறோம்?" காரணம் எழுத வேண்டிய இடத்தில், "டீச்சரிடம் கேட்கவும்" என்று போட்டிருந்தாள்.

எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பழைய லத்தீனில் 'யூ', 'வி' இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அந்த ஓசைக்குத் தனி எழுத்து இல்லாததால் பழைய ஆங்கிலத்தில் 'யூ'வை இரண்டு முறை சேர்த்து எழுதினார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிரெஞ்சில் அதற்கு 'இரட்டை வி' என்றே பெயர். திங்கட்கிழமை இதைச் சொன்னதும் அவள், "அப்ப நான் பார்த்ததும் சரிதான் டீச்சர்" என்றாள்.

அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் வகுப்பில் அதிகம் பேர் தவறாக எழுதியவையாக இருக்கட்டும். அந்தத் தவறான விடைகளையும் மறக்காமல் குறித்து வாருங்கள், சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.